பத்துப் பேருக்குக் குவாண்டம்

சத்யா எழுதிய கட்டுரையை உலகம் இதுவரை பதினொரு முறை மேற்கோள் காட்டியிருந்தது. அதில் நாலு முறை காட்டியது சத்யாவேதான்.

"பத்தல நைனா," என்றாள் போனில்.

தருமன் ஏரிக்கரையில் வலையை உதறிக்கொண்டிருந்தார். மகள் சென்னையில் குவாண்டம் விஞ்ஞானி. குவாண்டம் என்றால் என்ன என்று அவர் மூன்று தடவை கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் புரிந்தது என்று சொல்லியிருக்கிறார்.

"வேலை நிரந்தரம் ஆவணும்னா என் கட்டுரையால யாருக்குப் பிரயோஜனம்னு காட்டணுமாம். தண்ணிக்கு அடியில இருக்கறதை ஒளியை வெச்சுக் கண்டுபிடிக்கிற விஷயம்தானேன்னு, 'பழவேற்காடு ஏரி மீனவர்களுக்குப் பயன்படும்'னு விண்ணப்பத்துல எழுதிட்டேன். வியாழக்கிழமை ஆபீசருங்க நேர்ல பாக்க வராங்க."

"பயன்பட்டுச்சா?"

"அதுக்கு இன்னும் இருபது வருஷம் ஆவும். நீ உள்ளதைச் சொல்லு, போதும்."

உள்ளதைச் சொன்னால் வேலை போய்விடும். இது புரிய தருமனுக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை. நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போனார். எல்லம்மா நண்டுகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா, ஆபீசர் வந்தா சத்யாவால எனக்கு ரொம்பப் பிரயோஜனம்னு ஒரு வார்த்தை சொல்லு."

"இன்னா குடுத்தா உம் பொண்ணு?"

"ஒண்ணும் குடுக்கல. குடுத்தா மாதிரி சொல்லு."

எல்லம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, அதுக்குப் பேரு இன்னா?"

"குவாண்டம்."

மறுநாள் காலையில் தருமன் கதவைத் திறந்தபோது வாசலில் வரிசை நின்றது. எல்லார் கையிலும் ஆதார் ஜெராக்ஸ். சிலர் ரேஷன் கார்டும் கொண்டுவந்திருந்தார்கள்.

"லிஸ்ட் எழுதறியாமே? எம் பேரை மொதல்ல போடு," என்றான் குப்பன். ஊரில் எந்தத் திட்டம் வந்தாலும் முதலில் கத்துகிறவன் அவன்.

"அய்யோ, அது பொருள் இல்லப்பா. கண்ணுக்கே தெரியாது!"

"கண்ணுக்கே தெரியாத மாதிரி எங்க பதுக்கி வெச்சுகீற?"

விளக்க விளக்கக் கூட்டம் கூடியது. கடைசியில், பத்துப் பேர் பெயர் மட்டும் எழுதுவதாகத் தருமன் ஒப்புக்கொண்டார். எந்தப் பத்துப் பேர்? ஏரியில் எந்த நாள் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முடிவுசெய்வது அந்த ஊர் வழக்கம். அந்தச் சீட்டின்மேல் யாரும் சண்டை போட்டதில்லை. தருமன் அதையே போட்டார்.

பத்து வீட்டுக்குக் குவாண்டம் விழுந்தது. மீதி ஐம்பத்து நாலு வீடு அவரோடு பேச்சை நிறுத்தியது.

வியாழக்கிழமை எளாவூர்ப் பக்கமிருந்து ஜீப் வந்தது. ஊருக்குள் நுழைய முடியவில்லை. சாலையின் குறுக்கே வலையைக் கட்டி ஐம்பத்து நாலு வீட்டாரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வழங்கு! வழங்கு! வீட்டுக்கு ஒரு குவாண்டம் வழங்கு!"

ஆபீசர் உலகநாதன் இறங்கினார். பின்னால் ஜெனிஃபர் மேடம் ஃபைலோடு இறங்கினார். ஜீப்பின் பின்பக்கம் பெரிய வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி ஒன்று இருந்தது.

"அதோ! பொட்டியில கொண்டாந்துட்டாங்க!" என்று கத்தினான் குப்பன். "பத்துதான் கொள்ளும். எங்களுக்கு நாமம்தான்!"

தருமன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். உலகநாதன் கேட்ட முதல் கேள்வி, "இறால் எல்லாம் நல்லா விழுதா?"

ஆபீசர் சுற்றி வளைத்துச் சோதிக்கிறார் என்று தருமன் உஷாரானார். "கட்டுரை வந்த நாள்லேர்ந்து ரொம்ப நல்லா விழுது சார்."

உலகநாதன் முகம் மலர்ந்தது. ஜெனிஃபர் எதையோ குறித்துக்கொண்டார்.

தருமன் தைரியமாக எல்லம்மாவை முன்னால் தள்ளினார்.

"குடுத்தாங்க சார்," என்றாள் எல்லம்மா. "ஆனா ரெண்டே மாசத்துல ரிப்பேர். வேற ஒண்ணு குடுங்க."

தருமனுக்குத் தலை சுற்றியது. ஆனால் எல்லம்மா அனுபவசாலி. சுனாமிக்குப் பிறகு படகு கொடுத்தவர்கள் வந்து விசாரித்தபோது, நன்றாக இருக்கிறது என்றவனுக்கு அதோடு சரி. ஓட்டை என்றவனுக்கு இன்னொன்று வந்தது. மற்ற ஒன்பது பேருக்கும் அது ஞாபகம் இருந்தது.

"எனக்கு வந்தது ஓட்டை சார்."

"என்னுது போன புயல்ல அடிச்சிக்கினு போயிடுச்சு."

"என்னுதை மாமியார் வித்துட்டா சார்!"

"குடுத்ததே ஓட்டை, அதுவும் பத்துப் பேருக்கு!" என்று குப்பன் எழுந்தான். ஐம்பத்து நாலு வீடும் எழுந்தது.

தருமன் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். "சார், ஒருத்தருக்கும் ஒண்ணும் குடுக்கல. எம் பொண்ணு எழுதுனது எனக்கே புரியாது. உள்ளதைத்தான் சொல்லச் சொன்னா. நான்தான் பயந்துபோய் பொய் சொல்லச் சொன்னேன். அவ மேல தப்பு இல்ல சார். ராப்பகலா படிச்ச பொண்ணு சார்."

கூட்டம் அடங்கியது. உலகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது இருக்கட்டும். காலையில விழுந்த இறால் மிச்சம் இருக்கா?"

சாட்சி கேட்கிறார் என்று நினைத்துத் தருமன் கூடையோடு ஓடிவந்தார். அவர் கொடுப்பதைப் பார்த்து எல்லம்மா நண்டு கொண்டுவந்தாள். எல்லம்மாவுக்கு ஏதோ விழப்போகிறது என்று குப்பன் இரண்டு கூடை கொண்டுவந்தான். பெட்டி நிறைந்தது. உலகநாதன் பேரம் பேசாமல் எல்லாருக்கும் காசு கொடுத்துவிட்டு ஏறினார். வலை அவிழ்ந்தது.

ஜீப் திரும்பும்போது தருமன் டிரைவர் ஸ்டீபனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, ரிப்போர்ட்டுல இன்னா எழுதுவாங்க? எம் பொண்ணு வேலை இன்னா ஆவும்?"

ஸ்டீபன் சத்தமில்லாமல் சிரித்தான்.

"அது திங்கக்கெழமையே பாஸாகிப் போயிடுச்சு நைனா. 'பழவேற்காடு மீனவர்களுக்குப் பயன்படும்'னு யாரு எழுதுனாலும் சார் பாஸ் பண்ணிடுவாரு. இறாலுக்கு வேற எங்க போறது?"