லயத்து எலியும் பெட்டியாரும்

தேயிலை மலைநாட்டில் டிக்கோயாவிலிருந்து லிந்துலை வரை இங்கிலீஷைத் துல்லியமாக உச்சரித்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஒரு தேயிலை ஃபாக்டரியில் கணக்கெழுதும் கிளாக்கர். அங்கே தேயிலைப் பெட்டி அடிப்பவரைப் பெட்டியார் என்போம். செட்டியாருக்குரிய மிடுக்கு அத்தனையும் அவருக்கு உண்டு. அவர் பெட்டிகளுக்குத்தான் மூலைமட்டம் கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்துப் பெட்டியிடம் ரகசியம் சொல்வதுபோல் சாய்ந்து நிற்கும்.

உதவி மேனேஜராகப் புதிதாக வந்த சின்னத்துரை கணிதம் படித்தவர். ஒருநாள் பெட்டிகளைப் பார்த்து முகம் சிவந்து, "பெரலெலிபைபெட்!" என்று கத்தினார். சாய்ந்த பெட்டி வடிவத்துக்கு ஜியாமெட்ரியில் அப்படியொரு பெயர். அடுத்த வாரம் பெரியதுரை வரும்போதும் இதே கதியென்றால் இந்த ஆளுக்குப் பத்துச்சீட்டைக் கொடுத்துத் தோட்டத்தை விட்டு அனுப்பிவிடு என்று என்னிடம் இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டியார் மெல்ல வந்து, துரை என்ன சொன்னார் என்று கேட்டார். ஆறு பிள்ளைக்காரர். எனக்கு மனசு வரவில்லை.

"பெட்டி அடிக்கிறதுல பெரிய ஆளுன்னு அர்த்தம்" என்று புளுகிவிட்டு, இனி மட்டம் வைத்து அடிக்கச் சொன்னேன்.

மட்டத்தை அவர் சீந்தவில்லை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டார்; அதை உருப்போட ஒரு கதையும் கட்டினார். காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பினால், ஒரு எலி பைப்புக்குள் ஓடிப் பெட்டிக்குள் விழுந்ததாம். எலியை முழுசாக விட்டுவிட்டு மற்ற சொற்களில் தலையை மட்டும் கிள்ளிக்கொள்ள வேண்டியது. பெர, ல், எலி, பை, பெட். ஐந்து துண்டும் சேர்ந்தால் சொல் பிசகாமல் வந்துவிடும். ஒரு வாரம் ஃபாக்டரி முழுக்க இந்த எலிதான் ஓடியது.

பெரியதுரை வந்தார். பெட்டிகள் சாய்ந்தே நின்றன. சின்னத்துரை குற்றம் சொல்ல வாயைத் திறந்தார்.

"பெரபிலெ... பெலெரபி..."

பெரியதுரை முன்னால் நாக்கு புரளவில்லை. பெட்டியார் தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "பெரலெலிபைபெட்டுங்க, தொரை" என்று பணிவாக எடுத்துக் கொடுத்தார்.

பெரியதுரை சிரித்த சிரிப்பில் பெட்டிகளைப் பார்க்கவே மறந்துபோனார். சின்னத்துரையும் அப்புறம் பத்துச்சீட்டுப் பேச்சை எடுக்கவில்லை.

சாயங்காலம் பெட்டியாரைத் தட்டிக்கொடுக்கப் போனேன்.

"கோணப்பெட்டின்னு திட்டுனது அன்னைக்கே தெரியுங்க கிளாக்கரையா. தொரை மொகத்தப் பாத்தா தெரியாதுங்களா?" என்றார்.

அப்புறம் எதற்கு அதை உருப்போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எனக்காக நீங்க ஒரு பொய் சொன்னீங்க. அத வீணாக்கலாங்களா?"

என் பொய்யை அவ்வளவு மரியாதையாக வைத்திருந்த மனுஷர் அவர். அவர் பெட்டிகளைக் கோணல் என்று நான் அதற்கப்புறம் யாரையும் சொல்ல விட்டதில்லை.