திறக்காத பாட்டிலின் ருசி

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தைப் பற்றி வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு வராது. இதை நான் மறைத்தாலும் என் மாமனார் ஊரெல்லாம் சொல்லிவிடுவார்.

அப்போது நான் சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் பரிமாறும் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம். சோடா மாதிரி குமிழ் விடும் மலை ஊற்றுத் தண்ணீரை எப்படி ருசிப்பது என்று ஒருநாள் வகுப்பு எடுத்தார்கள். கால்சியம் இருந்தால் நாக்கில் வழவழப்பு, மெக்னீசியம் என்றால் லேசான கசப்பு, சோடியம் என்றால் உப்பு. (மத்தியானத்துக்கு மேல் நான் தூங்கிவிட்டேன்.)

அந்த வாரமே நன்னிலத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். தஞ்சாவூர் வீட்டிலிருந்து கிளம்பும்போதே அம்மா எச்சரித்தாள்: "பேசி முடிக்காம பொண்ணு வீட்டுல கை நனைக்கக் கூடாதுடா. பச்சத் தண்ணிகூடக் குடிக்காத. குடிச்சா சம்மதம்னு அர்த்தம்." அதனாலென்ன, என் தண்ணீரை நானே கொண்டுபோகிறேன் என்று, ஹோட்டலிலிருந்து கொண்டுவந்திருந்த ஊற்றுத் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தேன்மொழியைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "வேண்டாங்க" என்று சொன்னாலே போதும். நானோ பாட்டிலை எடுத்து டீப்பாய்மேல் வைத்து, "போர் தண்ணில சோடியம் ஜாஸ்திங்க. குமிழ் விடுற மலை ஊற்றுத் தண்ணி இது, நான் இதத்தான் குடிக்கிறது" என்றேன்.

அவள் அப்பாவின் முகம் சுண்டிப்போனது. "எங்க தண்ணி ஆகாதவருக்கு எங்க பொண்ணு மட்டும் எப்படித் தம்பி ஆகும்?"

கைக்கு எட்டியதை நானே தட்டிவிட்டேனே! அம்மா என் தொடையைக் கிள்ளினாள். தேன்மொழிதான் குறுக்கே வந்தாள்.

"இருங்கப்பா. அவரு தண்ணி ஒரு டம்ளர், நம்ம தண்ணி ஒரு டம்ளர் கொண்டாறேன். எது எதுன்னு அவரே குடிச்சுப் பாத்துச் சொல்லட்டும்."

பாட்டிலோடு உள்ளே போனவள் இரண்டு எவர்சில்வர் டம்ளரோடு வந்தாள். மானப் பிரச்சினையில் அம்மா சொன்னது சுத்தமாக மறந்துபோயிற்று. முதல் டம்ளரை உறிஞ்சி, "இது போர் தண்ணி. மண் வாடை" என்றேன். இரண்டாவதற்குக் கண்ணை மூடிக்கொண்டேன். "ஆகா! மலை ஊற்று! மெக்னீசியம் பேசுது பாருங்க!"

"குமிழியக் காணுமே தம்பி?" என்றார் அவள் அப்பா.

"அது கண்ணுக்குத் தெரியாதுங்க. நாக்குக்குத்தான் தெரியும்."

ஒப்பிட்டு ஒப்பிட்டு இரண்டையும் காலி செய்தேன். தேன்மொழி பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். போட்ட மூடி போட்டபடி இருந்தது.

"மூடியத் தொறக்க முடியலங்க. ரெண்டுமே எங்க போர் தண்ணிதான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, ரெண்டு டம்ளரையும் குடிச்சுட்டு உக்காந்திருக்கானே!"

அவள் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அதான் கை நனைச்சாச்சே, அப்புறம் என்ன? இன்னொரு டம்ளர் கொண்டாம்மா, மாப்பிள்ளைக்கு விக்குது பாரு!"

அந்தப் பாட்டில் இன்றும் எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. சாம்பாரில் உப்பு கம்மி என்று நான் வாயைத் திறந்தால் போதும், "என்னப்பா, மெக்னீசியம் பேசுதா?" என்கிறாள் என் மகள்.

போன மாதம் ஷோகேஸைத் துடைக்கும்போது தேன்மொழியிடம் கேட்டேன். "அன்னிக்கு நெஜமாவே மூடியத் தொறக்க முடியலையா?"

"தொறக்கப் பாத்தாத்தானே?" என்றாள் அவள். "நீங்க எங்க வீட்டுத் தண்ணியக் குடிக்கணுமே!"