உப்பிய பொட்டலம்

காபிக்கொட்டைக்கு உயிர் உண்டு என்று வாசனைச் சாமியார் சொன்ன நாளிலிருந்து ஊரில் கொட்டை வறுக்கிறவர்கள் யாருக்கும் நிம்மதி இல்லை. தெருவுக்கு இரண்டு காபிக்கடை முளைத்திருந்த காலம் அது. கடை வைத்த அத்தனை பேருக்கும் ஒரே கவலை. வறுத்த அன்றைக்குத் தெருவையே தூக்குகிற மணம் பத்தாம் நாள் எங்கே போய்த் தொலைகிறது? உட்கார்ந்து யோசித்திருக்கலாம். ஆனால் யோசிக்க நேரம் பிடிக்கும். சாமியார் ஒரே நிமிடத்தில் சொல்லிவிட்டார், உயிர் போய்விடுகிறதாம்!

மருந்தும் அவரிடமே இருந்தது. நோயைக் கண்டுபிடித்தவரே மருந்தையும் விற்பதில் எவ்வளவு வசதி! கட்டைவிரல் அகலத்தில் ஒரு செப்புத் தகடு, அதன்மேல் மூன்று கோடு. பெயர் உயிர்த்தகடு.

சனிக்கிழமைதோறும் ஒரு பழைய கிடங்கில் கூட்டம் அலைமோதும். ‘அன்று காலை வறுத்த கொட்டையை மட்டும் கொண்டு வரவும்’ என்று வாசலில் எழுதியிருக்கும். சாமியார் பொட்டலத்துக்குள் தகட்டைப் போடுவார், வாயைக் காற்றுப் புகாமல் ஒட்டுவார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். மறுநாள் காலை பொட்டலம் உப்பிக்கொண்டு நிற்கும்.

“மூச்சு விடுது பாருங்க!” என்பார் சாமியார். கூட்டம் மூச்சுவிட மறந்து பார்க்கும்.

அந்தக் கூட்டத்தில் நம் கடைக்காரியும் ஒருத்தி. ஐந்து வருடம் மருந்துக் கம்பெனியில் மாத்திரை அட்டை அடுக்கிச் சேர்த்த பணத்தில் ஒரு சிறிய வறுக்கும் இயந்திரம் வாங்கிக் கடை போட்டவள். உழைப்பாளிதான். அழகுணர்ச்சிதான் கொஞ்சம் கூடுதல். வறுத்த கொட்டையைக் கண்ணாடி ஜாடிகளில் நிரப்பி, வெயில் விழுகிற ஜன்னலில் வரிசையாக வைத்தாள். வந்தவர் போனவர் எல்லோருக்கும் மூடியைத் திறந்து முகரக் கொடுத்தாள். மூன்றாம் வாரம் எதிர் அச்சகத்துக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏம்மா, இது காபியா, அட்டைப்பெட்டி ஊற வெச்ச தண்ணியா?” என்று கேட்டார். அழுகையை அடக்கிக்கொண்டு அன்றைக்கே சாமியாரிடம் ஓடினாள்.

தகட்டோடு ஒரு விதிச்சீட்டும் கிடைத்தது. காற்றுப் படக்கூடாது, வெளிச்சம் படக்கூடாது, அடுப்புப் பக்கம் வைக்கக்கூடாது, கண்டவர் முகரத் திறக்கக்கூடாது, ஒரு வாரத்துக்கு வேண்டியதற்கு மேல் வறுக்கக்கூடாது. ஜாடிகளை ஓரங்கட்டிவிட்டு அவள் அப்படியே செய்தாள். காபி மணத்தது. அச்சகத்துக்காரர் இரண்டாவது டம்ளர் கேட்டார். புகழெல்லாம் தகட்டுக்குப் போனது.

இளகின இடத்தைக் கண்டால் சாமியார் விடுவாரா?

“உன் இயந்திரத்துக்கே மூச்சடைப்பு இருக்கும்மா. ஞாயித்துக்கிழமை கொண்டு வந்து விடு. நாப்பது நாள் என் காலடியில இருக்கட்டும்” என்றார்.

ஏற்கெனவே மூன்று பேருடைய இயந்திரங்கள் அந்தக் காலடிக்குப் போயிருந்தன. நாற்பது நாள் எப்போதோ முடிந்தும் ஒன்றுகூடத் திரும்பவில்லை. ஆனால் ‘சாமியார் காபித்தூள்’ மட்டும் கடைகளுக்கு வந்துவிட்டது. எதில் வறுக்கிறார் என்று கேட்பது பாவம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கடைக்காரியின் நாத்தனார் பக்கத்துக் கடையில் துணி தைப்பவள். வாயில் எப்போதும் குண்டூசி இருக்கும். அதை எடுத்தால் அதைவிடக் கூராக ஏதாவது வரும். வியாழக்கிழமை அவள் வந்தபோது கடைக்காரி ஒரு பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன அண்ணி, பேயடிச்ச மாதிரி நிக்கிறீங்க?”

“நேத்து அவசரத்துல இதுல தகடு போட மறந்துட்டேன்டி. இப்பப் பாரு!”

பொட்டலம் புசுபுசுவென்று உப்பியிருந்தது.

நாத்தனார் குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள். “சாமிக்குத் தெரியாம மூச்சு விட்டிருக்கு. தண்டனை உண்டா?”

“விளையாடாத. அப்ப மணம் போகாம நின்னது எப்படி?”

“அந்தச் சீட்டைத் திரும்பப் படிங்க. காத்து, வெளிச்சம், சூடு. தகடு இல்லாம இதையெல்லாம் செஞ்சா கொட்டை கோவிச்சுக்குமா? கேக்குறவன் கேணையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்வாங்களாம்.”

கடைக்காரிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பயம் போகவில்லை. ஊரே நம்புகிறதே! “நீ சொல்றது தப்பா இருந்தா என் கடை போயிடும்டி.”

“இயந்திரத்தைக் கொடுத்தா மட்டும் கடை இருக்குமா? சோதிச்சுப் பாத்துடலாம். இன்னைக்குப் புதுசா வறுங்க.”

ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு இருவரும் கிடங்குக்குப் போனார்கள். வாசலில் வண்டி நின்றதும் சாமியாரின் முகம் பூவாக மலர்ந்தது. நாத்தனார் இரண்டு பொட்டலங்களை மேடையில் வைத்தாள். ஒன்று சிவப்பு நூல் கட்டியது, நன்றாக உப்பியிருந்தது. மற்றது நீல நூல், தட்டையாகக் கிடந்தது.

“சாமி, ஒண்ணுலதான் உங்க தகடு இருக்கு. எதுன்னு சொல்லுங்க. சரியாச் சொன்னா இயந்திரம் உள்ள வரும்.”

கடைக்காரி வண்டியின் கைப்பிடியை விடவே இல்லை.

சாமியார் சிரித்தார். சிவப்பு நூல் பொட்டலத்தைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். “இதைக் கேக்கவும் வேணுமா? குழந்தைகூடச் சொல்லும். என் தகடு உள்ளே மூச்சு விடுது!”

நாத்தனார் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டினாள். புஸ்ஸென்று காற்று போனது. கொட்டையைத் தட்டில் கொட்டினாள். நடுவில் விழுந்தது ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான்.

நீல நூல் பொட்டலத்தையும் வெட்டினாள். மூன்று கோடு போட்ட செப்புத் தகடு டங்கென்று விழுந்தது.

முன்வரிசை தட்டை எட்டிப் பார்த்தது.

“அது பழைய கொட்டை!” என்று சாமியார் சீறினார். “செத்துப்போனது! அதுக்கு என் தகடு என்ன செய்யும்?”

“பழசுதான் சாமி. ஜன்னல்ல காய்ஞ்ச ஜாடிக் கொட்டை. வறுத்த புதுசுல கொட்டை தானாவே காத்தை வெளிவிடுது, பொத்தானோட போட்டாலும் உப்புது. பழசாயிட்டா உங்க தகட்டோட போட்டாலும் உப்பல. அப்ப இந்தத் தகடு யாருக்குத்தான் உதவும்?”

“சாமிக்கு!” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அச்சகத்துக்காரர்தான். விதிச்சீட்டு அச்சடித்த கூலியே அவருக்கு இன்னும் வரவில்லை.

இயந்திரம் கொடுத்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். உள் அறைக் கதவைத் திறந்தால் மூன்றும் ஆளுக்கொரு மூலையில் ஜோராக வறுத்துக்கொண்டிருந்தன. மூச்சடைப்பு எதற்கும் இல்லை. அப்போது சாமியாருக்குத்தான் இருந்தது. கூட்டம் மூலைகளில் கண்ணாக இருந்தபோது பின்வாசல் வழியாக ஆள் மாயம். அவர் செய்து காட்டிய உண்மையான அற்புதம் அது ஒன்றுதான்.

கடைக்காரி இயந்திரத்தைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தாள். பாரமாகவே தெரியவில்லை. ஜன்னல் ஜாடிகளில் அன்றைக்கே கரண்டிகளை வைத்தாள். கொட்டை, மூடிய டப்பாவில், அலமாரி இருட்டில். கதை இதோடு சுபமாக முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் திங்கள்கிழமை காலை தையல் கடை வாசலில் நீண்ட வரிசை நின்றது. முதலில் நின்றவர் கும்பிட்டபடி கேட்டார். “அம்மா, தகடுதான் போலி. கொட்டையை உப்ப வெச்ச அந்தப் பொத்தான் ஒண்ணு கிடைக்குமா?”

நாத்தனார் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே போய் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு வந்து கதவில் மாட்டினாள்:

‘இங்கே சட்டைக்கு மட்டுமே பொத்தான் தைக்கப்படும். தலைக்குள் இருப்பதைக் காற்றுப் படத் திறந்து வைக்கவும். மூடியே வைத்தால் கெட்டுப்போவது அது ஒன்றுதான்.’