பாலத்தில் எதிரெதிரே போன இரண்டு ஊர்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் சொல்லச் சொல்லத் தையல்காரர் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கே நீங்களும் நிறைமாதமாக இருக்கும் என் மகளும் சுகம் என்று நம்பித்தான் மேற்கொண்டு பேசுகிறேன்.

நர்சம்மா ஊரிலேயே இருந்தால்தான் பிரசவத்துக்கு அனுப்புவேன் என்று எழுதியிருந்தீர்கள். நியாயம்தான். அதற்குத்தான் இப்போது ஆபத்து. ஐந்நூறு தலை இல்லாத ஊரைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவது என்று மாவட்ட ஆபீசில் முடிவு செய்துவிட்டார்கள். சேர்த்தால் ஊர் ஆபீசும் நர்சம்மாவின் அறையும் இரண்டில் பெரிய ஊருக்குப் போய்விடும். எங்களுக்கும் அக்கரைக்கும் நடுவில் ஒரு பாலம்தான், ஆனால் மழை பிடித்தால் அதன்மேல் தண்ணீர் ஏறிவிடும். இரண்டு ஊரிலும் கொஞ்சம் தலை குறைகிறது. கணக்கெடுக்க வரும் அன்று அக்கரைச் சம்பந்திகளைக் கூட்டி வந்து வீட்டில் உட்கார வையுங்கள் என்று எங்கள் தலைவர் ரகசியமாக ஊர் முழுக்கச் சொன்னார். அக்கரைத் தலைவர் அவருக்கு மச்சான், அவருக்கும் அதே மூளை. சம்பந்தி வீட்டில் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அன்று காலையில் இந்த ஊர் அங்கேயும் அந்த ஊர் இங்கேயுமாக நடந்தது. பாலத்தில் பார்த்து நலம் விசாரித்துக்கொண்டார்களே தவிர, நீ எங்கே கிளம்பிவிட்டாய் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் அக்கரைக் கொல்லர் என் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்குத் தம்பியாக இருக்கத் தயாராக இருந்தார். கணக்கெடுக்கும் பெண் வந்து இவர் யார் என்று கேட்டாள். என் ஞாபகம்தான் உங்களுக்குத் தெரியுமே. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று வாசலில் வழுக்கி விழுந்ததுகூட நினைவிருக்கிறது, அதை யாரிடமும் சொல்வதில்லை. கொல்லர் பிறந்தது பழைய பாலத்தை வெள்ளம் கொண்டுபோன வருஷம், வீடு அக்கரையில் கிணற்றுக்குப் பின்னால் என்று தொடங்கி, தெருவில் வந்திருந்த அத்தனை பேர் பூர்வீகத்தையும் சொல்லி முடித்தேன்.

"அப்போ இந்த ஊர்க்காரங்க எங்க, தாத்தா?"

"அக்கரையில இருக்காங்கம்மா. இவங்க இங்க வந்துட்டா அங்க ஆள் வேணும்ல?"

அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சிரித்தாள், சிரித்து முடித்துத் தண்ணீர் கேட்டாள். இந்தக் கணக்கு செல்லாது, அடுத்த மாதம் மறுபடி எடுப்போம், அவரவர் வீட்டில் இருங்கள் என்று சொல்லிப் போனாள். அன்றிலிருந்து தலைவர் என்னோடு பேசுவதில்லை. நர்சம்மா இருப்பாரா போவாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே மகளை அனுப்ப வேண்டாம், அங்கேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பரணிலிருந்து இறக்கிய தொட்டிலை உங்கள் அத்தை மறுபடி ஏற்றச் சொல்லிவிட்டாள். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, அதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆணோ பெண்ணோ, தாயும் பிள்ளையும் நன்றாக இருந்து, நீங்கள் மூவரும் ஊர் மெச்ச வாழவேண்டும்.

இப்படிக்கு,
மாமனார் (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே சொன்ன எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். தையல்காரர் உறையை ஒட்டப் போகும்போது என் மகள் பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிவிட்டாள். உங்களிடம் சொல்லிவிட்டு வந்ததாகத்தான் சொல்கிறாள், முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நர்சம்மா உடனே வந்து பார்த்துவிட்டு, "அறை எங்க போனா என்ன? பிறக்கிற வரைக்கும் நான் இங்கயே வந்து படுத்துக்கறேன்" என்று தன் பாயையும் கொண்டுவந்துவிட்டார். தலைவர் வந்து, கணக்கெடுத்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். மகள், குழந்தை, நீங்கள் என்று விரல்விட்டு எண்ணினார். ஆனால் இங்கேயே குடியிருந்தால்தான் கணக்கில் வருமாம். இதை வீட்டோடு மாப்பிள்ளையாக வருவது என்று நினைக்காதீர்கள், அரசாங்கத்துக்குச் செய்யும் ஒத்தாசை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.