என் ஆட்களைக் கெடுத்து வைத்திருக்கும் அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. அதைத்தான் தினமும் ரத்தத்தை எடுத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார்களே.

உன் எலும்பு மஜ்ஜை கெட்டுப்போனதும், தங்கையாகப் பிறந்த பாவத்துக்கு நான்தான் ஊசி மேல் ஊசியாகப் போட்டுக்கொண்டேன். இடுப்பெலும்பு விண்விண்ணென்று தெறித்தது. பிறகு இரண்டு கையிலும் குழாயைச் செருகி, மெஷினோடு கட்டிப்போட்டு, என் ரத்தத்திலிருந்து குருத்தணுக்களைப் பிரித்து உனக்கு ஏற்றினார்கள். அவை உன் எலும்புக்குள் குடியேறி நியூட்ரோபில் தயாரிக்க வேண்டுமாம், நியூட்ரோபில் என்றால் கிருமி நுழைந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய் விழுங்குகிற வெள்ளணு, ஒரு நாள் தாங்கினாலே அதிகம், அதற்குள் சண்டை போட்டுச் செத்துச் சீழாகிவிடும், அதனால் தினமும் கோடிக்கணக்கில் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும், வராவிட்டால் பக்கத்தில் ஒருவன் தும்மினாலே உன்னைக் கொண்டுபோய்விடும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல நான் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். நீ கொட்டாவி விட்டாய்.

என்னிடம் இருந்தவரை அவை எப்படி உழைத்தன தெரியுமா? பார்சல் ஆபீசில் அட்டைப்பெட்டி கிழிக்காத விரலே எனக்குக் கிடையாது, ஒன்றாவது சீழ் பிடித்ததா? அங்கே ஒரு ஆள் சும்மா நிற்க நான் விட்டதில்லை, உடம்புக்குள்ளேயும் அதே சட்டம்தான். உன்னிடம் வந்ததும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டன. பஸ்ஸில் உன் காலை மிதித்தவனிடம் நீ மன்னிப்புக் கேட்டவன். கூரை ஒழுகினால் கட்டிலை நகர்த்திப் போட்டுக்கொண்டு, "பாத்துக்கலாம்மா" என்று தூங்குகிறவன். உன் எலும்பெல்லாம் அந்தப் "பாத்துக்கலாம்" ஊறியிருக்கும்போது என் ஆட்கள் மட்டும் என்ன செய்வார்கள், உள்ளே போய்த் துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். அண்ணி, "நியூட்ரோபில் எப்பம்மா ஏறும்?"னு என்னைக் கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்ல?

இனி ஒரு சொட்டுக்கூடத் தரமாட்டேன். எனக்கு வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, உன் வார்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவும் நேரமில்லை. வேளைக்குச் சாப்பிடு, கையைக் கழுவு, பிழைத்துத் தொலை.

இப்படிக்கு,
பொறுப்பில்லாதவனிடம் நல்ல வேலையாட்களைக் கொடுத்து ஏமாந்த தங்கை

பி.கு.: கடிதத்தை உள்ளே விடமாட்டாங்களாம், உன் அறைக் கண்ணாடியில ஒட்டச் சொல்லலாம்னு நர்ஸைக் கூப்பிட்டேன். சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. நியூட்ரோபில் ஏற ஆரம்பிச்சுடுச்சாம். "ஆனா காலையிலேருந்து உங்க அண்ணன் ஒரே சத்தம்மா. சூப் ஆறிப்போச்சு, இங்க யாருமே ஒழுங்கா வேலை பாக்கறதில்லைன்னு எங்களை வாங்கு வாங்குன்னு வாங்கறாரு. எப்பவுமே இப்படித்தானா?"ன்னாங்க. "அவரு இல்லீங்க, அது நான்"னு சொன்னேன். சொல்லிட்டு அழுதுட்டேன். நாலு நாளா உன் கதவுக்கு வெளியே பெஞ்சுலதான் கெடக்கேன். திட்டு அண்ணா, நல்லாச் சத்தமாத் திட்டு. எனக்கு இங்க கேக்கணும்.