டொக்கு மேஸ்திரி தட்டிய சீலிங்

ஒக்கலிபுரத்தில் டொக்கு மேஸ்திரி தட்டிப் பார்க்காத பொருள் கிடையாது. சுவர், கதவு, தர்பூசணி, டீக்கடை பெஞ்சு. பூச்சு உள்ளே விட்டுப்போயிருந்தால் 'டொக்' என்று கேட்கும். பெண் பார்க்கப் போன வீட்டிலும் எழுந்து சுவரைத் தட்டினாராம். பெண் வீட்டார் அவரை வேண்டாமென்று விட்டார்கள். ஆனால் சுவரைப் பூசிக்கொண்டார்கள்.

ரயில் தண்டவாளத்தை ஒட்டிய எங்கள் லைனில் எட்டு வாடகை வீடு. பிரேசர் டவுனில் இருந்த ஓனர், விழுந்தால் பார்ப்போம் என்கிற ஆள். மேஸ்திரி, விழுவதற்கு முன்னாடி பார்க்கணும் என்கிற ஆள். வீடு காலியானால் போதும். ஒழுகாத குழாய்க்கு வாஷர் மாற்றுவார். ஆடாத கதவுக்குப் புதுக் கீல் போடுவார்.

தொண்ணூறுகளில் நான் அங்கே குடிபோனேன். ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிற வேலை. பாப்பாவுக்கு இரண்டு மாதம். நல்ல நேரம் பார்த்து, பால் காய்ச்ச என் வீட்டுக்காரி சொம்போடு நிற்கிறாள். மேஸ்திரி வாசலை மறித்துக்கொண்டார். ஓனர் வெள்ளை மட்டும் அடிக்கச் சொல்லியிருக்கிறார். இவர் சீலிங்கில் தொட்டில் கொக்கியைச் சுற்றித் தட்டியிருக்கிறார். டொக்.

கெஞ்சினேன். திட்டினேன். நகரவில்லை. சேதி போய் ஓனர் ஆட்டோவில் வந்தார். இத்தனை வருஷம் விழாதது இன்றைக்கா விழும், நகரு, இல்லாவிட்டால் எட்டு வீட்டிலும் உனக்கு வேலை கிடையாது என்றார்.

"சரி சார். கொக்கிக்குக் கீழ பாய் போட்டு நீங்க பத்து நிமிஷம் படுங்க. நான் போய்ட்றேன்."

ஓனருக்கு ரோஷம். வேட்டியை மடித்துக் கட்டிப் படுத்தே விட்டார். லைனே வாசலில் கூடியது. அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வீடு அதிரப் போனது. ஓனர் மீசையில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

படுத்தபடியே சொன்னார். "இடிச்சுத் தொலைப்பா."

"மொதல்ல எழுந்திருங்க சார்."

ஒரே அடி. கதவு அகலத்துக்குக் காரை பாய்மேல் விழுந்தது. ஓனர் பாயையே பார்த்தார். மற்ற ஏழு வீட்டையும் தட்டிப் பார்த்துவிடு என்று மெல்லச் சொன்னார்.

பாலை வாசலில் அடுப்பு வைத்துக் காய்ச்சினோம். முதல் டம்ளர் மேஸ்திரிக்கு. அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

எங்க லைன் மேஸ்திரி என்று ஸ்டேஷனில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். அவர் பூசிய சீலிங்குக்குக் கீழேதான் பாப்பா தூங்கினாள். ஒருநாளும் நான் மேலே பார்த்ததில்லை.