ஒப்புக்கு ஒரு பெயர்

கோப்பு மறுபடியும் அமைச்சக அதிகாரி சுந்தரேஷின் மேஜைக்கே திரும்பி வந்துவிட்டது. ஒரே ஒரு பெயரை அனுப்பினால் சிபாரிசு என்று பேச்சு வரும், மூன்று பெயராக அனுப்புங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். டெல்லி அமைச்சகங்களில் இதுதான் வழக்கம். ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால், தேர்ந்தெடுக்கக் கூடாத இருவரையும் கூடவே தேடியாக வேண்டும்.

விஷயம் இதுதான். எந்த உயிரினம் எங்கே வாழ்கிறது என்ற தகவலை நாடுகள் பகிர்ந்துகொள்ள ஒரு சர்வதேச வலையமைப்பு இருக்கிறது. நம் நாடும் அதில் உறுப்பினர். அதன் விதிகளை வகுக்கும் குழுவில் ஓர் இடம் காலி. ஒரு நாட்டுக்கு ஒரு வேட்பாளர்தான். வெள்ளிக்கிழமைக்குள் அமைச்சகம் ஒப்புதல் தர வேண்டும். விலகியவர் அந்தத் தடவை மறுபடி நிற்க முடியாது.

முனிர்காவில் ஒற்றை அறையில் குடியிருக்கும் ஸ்வப்னா, தவளை ஆராய்ச்சி செய்பவள், அந்த இடத்துக்கு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தாள். அவள் கண்டுபிடித்த அரிய தவளை வாழும் ஓடையை வலையமைப்பின் வரைபடம் அப்படியே காட்டிக்கொடுக்க, பிடித்து விற்கிறவர்கள் வழி விசாரிக்காமலே போய் இறங்கிவிட்டார்கள். அடுத்த மழைக்கு அங்கே ஒரு தவளைச் சத்தம்கூட இல்லை. அரிய உயிரினங்களின் இடத்தை இனி மறைத்துவைக்க விதி கொண்டுவர வேண்டும், அதற்காகத்தான் அவளுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. சுந்தரேஷுக்கும் அவள்தான் போக வேண்டும் என்று மனதார ஆசை.

ஆகவே ஒப்புக்கு இரண்டு பெயர் சேர்த்தார். ஒருவர் வெளிநாட்டிலேயே தங்கிவிட்ட தாவரவியல்காரர். இன்னொருவர் ஜனக்புரி ஜகந்நாதன். ஓய்வுபெற்ற விலங்கியல் விஞ்ஞானி, சொந்தக்காரர் கல்யாணத்துக்கே போகாதவர். கூப்பிட்டால் நிச்சயம் மாட்டேன் என்பார்.

மேலிடம் சீனியாரிட்டியைப் பார்த்தது. ஜகந்நாதனை டிக் செய்தது.

சுந்தரேஷ் பதறிப்போய் ஜனக்புரிக்கு மெட்ரோ பிடித்தார். பெரியவர் வாயால் ஒரு மறுப்பு வாங்கிவிட்டால் போதும், அடுத்த பெயர் ஸ்வப்னாதான். ஆனால் எடுத்த எடுப்பில் வேண்டாமென்று சொல்லுங்கள் என்று எப்படிக் கேட்பது? பெரியவரின் மனைவி வைதேஹி மாமி சுடச்சுடக் கேசரி வேறு கொண்டுவந்து வைத்துவிட்டார். மரியாதைக்கு நாலு வார்த்தை சொல்வோம், அவரே மறுத்துவிடுவார் என்று சுந்தரேஷ் ஆரம்பித்தார்.

"நீங்க வந்தா நாட்டுக்கே பெருமை சார்."

"எனக்கு எதுக்குப்பா இந்த வயசுல?"

அப்பாடா என்று அப்போதே எழுந்து வந்திருக்கலாம். பந்தியில் ஒருவர் போதும் என்றால் இன்னொரு கரண்டி போட்டே தீர வேண்டும் என்று வளர்ந்த மனுஷன், விடுவாரா?

"அப்படிச் சொல்லக்கூடாது சார். உங்களை விட்டா யார் இருக்கா?"

பெரியவர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டிவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் சுந்தரேஷ் தன்னையே திட்டிக்கொண்டு வந்தார். இருவரையும் நிற்கவைக்க முடியுமா என்று வலையமைப்புக்கு எழுதிக் கேட்டார். கேட்காமலே இருந்திருக்கலாம். இரண்டு பெயர் இருந்தால் இரண்டும் தள்ளுபடி, உடனே ஒருவர் விலக வேண்டும் என்று பதில் வந்தது.

வியாழக்கிழமை ஸ்வப்னாவை வரச்சொல்லி, தரையைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். அவள் கைப்பேசியை எடுத்து மெயிலைத் திறந்தாள்.

"அந்த விதியையாவது அவர் கொண்டுவருவாரா சார்?"

"நான் சொல்றேம்மா. கண்டிப்பா சொல்றேன்."

அவர் எதிரிலேயே விலகல் மெயிலை அனுப்பிவிட்டு அவள் எழுந்துபோனாள். நல்ல பெண்ணுக்குப் பாவம் பண்ணிவிட்டோமே என்ற நினைப்பிலேயே அன்று கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமை மாலை, கெடு முடிந்த பிறகு, பெரியவரிடம் அந்த விதியைப் பற்றியாவது பேசிவைப்போம் என்று போன் செய்தார். மாமிதான் எடுத்தார்.

"அதை ஏன் கேக்கறேள், நீங்க அவ்வளவு ஆசையா வந்து கேட்டப்போ முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல இவருக்கு மனசு வரலையாம், இன்னிக்குக் காலம்பற இவரே நேரா அந்தக் குழுவுக்கு எழுதிட்டார், எனக்கு வேண்டாம், எங்க ஊர்ல தவளை ஆராய்ச்சி பண்ற ஸ்வப்னான்னு ஒரு பொண்ணு இருக்கா, அவளையே போட்டுடுங்கோன்னு."